கிளாஸில் வைத்த ரத்தம்

என் முதலாளி லிம் கோபம் வந்தால் கத்தமாட்டார். தேநீர் வாங்கிக் கொடுப்பார். அன்றைக்குத் தேநீரோடு ஒரு தட்டு இனிப்பு ரொட்டியும் என் மேசைக்கு வந்தது. சர்க்கரை வியாதிக்காரியான எனக்கே இனிப்பு கொடுக்கிறார் என்றால் விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டேன். புதுச்சேரிக்குப் போ, அந்தக் கம்பெனியை உன் கண்ணால் பார், திரும்பி வருவதற்குள் வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல் என்றார்.

பினாங்கில் மருத்துவமனைகளுக்குப் பரிசோதனைச் சாமான்கள் வாங்கி விற்கும் கம்பெனி எங்களுடையது. புதுச்சேரியில் டாக்டர் ரிஸ்வானா என்பவர் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறார். சர்க்கரை நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, சிறுநீரகம் கெடத் தொடங்கிவிட்டதா என்று சாதாரணப் பரிசோதனைகளுக்கு முன்பே சொல்லும் ஒரு கிட் அவர்கள் செய்வது. கோலாலம்பூர் கண்காட்சியில் அதைப் பார்த்து, நாமே மலேசியாவில் விற்கலாம் என்று லிம்மை நச்சரித்தது நான்தான். விற்பதற்கு முன் எஸ்டேட் தொழிலாளர்களுக்கான எங்கள் தோட்டத்துக் கிளினிக்கில் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். நன்றாக ஓடி ஆடித் திரிகிறவர்களுக்கெல்லாம் சிறுநீரகம் போய்விட்டது என்று வந்தது. ரத்தம் உங்கள் கையில் கெட்டிருக்கிறது என்றது புதுச்சேரி. நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே செய்தோம் என்றார்கள் எங்கள் நர்ஸுகள். யாரோ பொய் சொல்கிறார்கள் என்றார் லிம்.

லிம்மிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. என் அப்பா டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே தேய்ந்து போனவர். வாரத்துக்கு மூன்று முறை அவரோடு பட்டர்வொர்த் மருத்துவமனைக்குப் போய் வந்தவள் நான். அந்தக் கிட்டை முதலில் பார்த்தபோது வியாபாரம் எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. அது உண்மையாக இருக்கவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அதனாலேயே என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

புதுச்சேரியில் முதல் காலை கெட்டிச் சட்னியும் இட்லியுமாக நன்றாகத்தான் தொடங்கியது. காப்பிதான் சின்ன டபராவில் இரண்டு வாய்க்கு வந்தது. பினாங்கில் அதைக் கொடுத்தால் மீதி எங்கே என்று கேட்பார்கள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன். முகவரி இருந்த கைப்பேசி சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. ஊர்ப் பெயரில் பின்பாதி மட்டும் நினைவிருந்தது. சாவடிக்குப் போகணும் என்றேன். பிள்ளைச்சாவடியா என்று கேட்டார் ஓட்டுநர். உள்ளூர்க்காரி மாதிரி தலையை ஆட்டிவிட்டேன்.

நல்ல காற்று. ஆட்டோ வடக்கே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இறக்கிவிட்ட இடத்தில் கடலும் படகுகளும் மீன் கூடைகளும்தான் இருந்தன. ஒரு அம்மாள் வஞ்சிர மீன்களைப் பெட்டிக்குள் அடுக்கி, மேலே நொறுக்கிய ஐஸை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனை கம்பெனி எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரத்தக் கம்பெனியெல்லாம் இங்க இல்லம்மா. ஐஸ் கம்பெனிதான் ஒண்ணு இருக்குது" என்றார்.

தொழிற்பேட்டை என்று சொன்னதும்தான் தெரிந்தது, நான் போகவேண்டியது தட்டாஞ்சாவடி. ஓட்டுநர் என்மேல்தான் கோபப்பட்டார். எந்தச் சாவடி என்று முழுசாகச் சொல்லவேண்டாமா, இந்தப் பக்கம் எத்தனை சாவடி இருக்கிறது தெரியுமா என்று வழி முழுக்கப் புலம்பினார். அவர் சொன்னது நியாயம்தான்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கும் பாட்டில் மூடி செய்யும் இடத்துக்கும் நடுவில் இருந்தது ரிஸ்வானாவின் நிறுவனம். அவரே வாசலுக்கு வந்து வாங்கக்கா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நாற்பது வயதிருக்கும். அவர் வீட்டில் தலைமுறையாக இரும்புச் சாமான் வியாபாரம். மகள் ஆணி, தாழ்ப்பாள் விற்காமல் ரத்தத்தை வைத்து என்ன விற்கிறாள் என்று அவர் வாப்பாவுக்கு இன்றுவரை விளங்கவில்லையாம். எங்கள் லிம்முக்கும் முழுசாக விளங்கவில்லை என்றேன். சிரித்துவிட்டு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் புரதம் செய்யக் குறிப்பு கொண்டுபோகும் ஆர்என்ஏ உண்டு. அதுதான் வேலைக்காரன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். புரதம் செய்யக் குறிப்பு எதுவும் இல்லாத ஆர்என்ஏ ஏராளமாகக் கிடந்தது. அது பிறக்கும் டிஎன்ஏ பகுதியையே குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகுதான் தெரிந்ததாம், அதில் பல துண்டுகள் மேஸ்திரிகள் என்று. மேஸ்திரி ஒரு செங்கல்லும் எடுத்து வைக்கமாட்டார். இங்கே போதும், அங்கே நிறுத்து என்று அவர் சொல்லாவிட்டால் வீடு கோணிக்கொள்ளும். சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது குறிப்பிட்ட சில மேஸ்திரிகள் ரத்தத்தில் கூடுதலாகத் தென்படுவார்கள். அவர்களை எண்ணுவதுதான் கிட்டின் வேலை.

நான் வியாபாரக் கேள்விகளுக்குத் தாவினேன். பெரிய கம்பெனிகள் எல்லாம் இந்த ஆர்என்ஏவை வைத்து மருந்து செய்யப் பார்க்கின்றனவே, நீங்கள் ஏன் செய்யவில்லை என்றேன். மருந்து என்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை, இரும்புக் கடைக்காரர் மகளால் ஆகாது என்றார். பரிசோதனை அப்படியில்லை. சின்ன இடத்தில் செய்யலாம், சீக்கிரம் விற்கலாம், தோட்டத்துக் கிளினிக்கும் வாங்கக்கூடிய விலையில் கொடுக்கலாம். சரி, நாளைக்கே வேறொருவன் இதையே செய்தால் என்று மடக்கினேன்.

"ஒடம்புல தானா இருக்கறத யாரும் என்னுதுன்னு சொல்ல முடியாதுக்கா. எந்தெந்த மேஸ்திரியச் சேத்துப் பாக்கணும், எப்படிப் பாக்கணும்ங்கறதுதான் எங்க சரக்கு. அதுக்குக் காப்புரிமை கேட்டிருக்கோம்."

பதில் சுத்தமாக இருந்தது. பொய் சொல்கிறவர்களும் சுத்தமாகப் பதில் சொல்வார்கள் என்று இந்தத் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

செய்முறையைக் காட்டுவதற்கு ஒரு கை தேவைப்பட்டது. என் கையை நீட்டினேன். ரத்தம் எடுத்தவர் முசே அந்துவான். ஊரில் மரியாதைப்பட்ட ஆண்களை முசே என்றே கூப்பிடுகிறார்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ரிஸ்வானாவிடம் மறுபடி வேலைக்கு வந்தவர். தேய்த்த சட்டை, பளபளக்கும் காலணி. எங்கள் நர்ஸுகளுக்கு வீடியோவில் தமிழிலேயே பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். என்னை மேதாம் என்றார். ஊசி ஏறும்போது நான் வழக்கம்போல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். முடிவு வந்ததும் சொல்லட்டுமா என்று ரிஸ்வானா கேட்டார். வேண்டாம், செய்முறைதான் எனக்கு வேண்டும் என்றேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரிக்கா என்றார்.

மறுநாள் காலை முழுவதும் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தக் குழாய் ஒவ்வொன்றும் எடுத்த கையோடு ஐஸ் நிரம்பிய பெட்டிக்குள் போனது. எதற்கு இவ்வளவு பதற்றம் என்றேன். வெளியில் வெதுவெதுப்பில் கிடந்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும், அவற்றுக்குள் இருக்கிற ஆர்என்ஏ எல்லாம் வெளியே கொட்டிவிடும், அப்புறம் யார் மேஸ்திரி யார் வழிப்போக்கன் என்று கிட்டுக்குத் தெரியாது என்றார் ரிஸ்வானா. பினாங்கில் நடந்தது இதுதான் என்று அவர் அடித்துச் சொன்னார்.

முசேயைத் தனியாகப் பிடித்தேன். ஐஸில் வைக்கச் சொல்லி எங்கள் நர்ஸுகளுக்குச் சொன்னீர்களா என்றேன். மாதா சத்தியமாகச் சொன்னேன், ஒருமுறைக்கு மூன்று முறை சொன்னேன் என்றார். உடனே பினாங்குக்குப் போன் போட்டேன். தேவி எங்கள் கிளினிக்கின் மூத்த நர்ஸ். எனக்குப் பல வருடப் பழக்கம். சில்லறை பாக்கி இருந்தால்கூடத் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போகிறவள்.

"ஐஸா? ஐஸுன்னு ஒரு வார்த்தகூட அவரு சொல்லலக்கா. காகிதத்துல குளிர்ல வைக்கணும்னு இருந்துச்சு. ஏர்கான் ரூம்லதானே வச்சோம்" என்றாள்.

பயிற்சியை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. ஆக, இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். தேவியை எனக்குத் தெரியும். முசேயைத் தெரியாது. கணக்கு அவ்வளவுதான் என்று வயிற்றெரிச்சலோடு வெளியே வந்தேன். கிளம்பியது மதியம். விடுதி இருந்த தெருவில் போய் இறங்கினால் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. மத்தியானத் தூக்கம் இந்த ஊரில் ஒரு சட்டம் போலிருக்கிறது. பினாங்கில் எந்த நேரத்தில் பசித்தாலும் எவனாவது ஒருவன் வாணலியைத் தட்டிக்கொண்டிருப்பான். இங்கே ஒரு வாழைப்பழத்துக்கு மூன்று தெரு அலைந்தேன். ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து அதைத் தின்றபோது, இந்த ஊரே எனக்கு எதிராகக் கதவைச் சாத்திவிட்டதாகக் கோபம் வந்தது.

சாயங்காலம் ரிஸ்வானா தன் ஸ்கூட்டரில் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். வழியிலேயே டயர் பஞ்சர். பஞ்சர் போடுகிற ஆள் வருவதற்குள் ரோட்டோரம் நின்று மசாலா கடலை தின்றோம். அங்கே நின்றபடிதான் அவர் விஷயத்தைச் சொன்னார். எங்களை நம்பித்தான் இந்த வருடத்தை ஓட்டியிருக்கிறார். நாங்கள் வேண்டாம் என்றால் இந்த மாதத்தோடு ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. வாப்பாவின் கடையில் தனக்கு ஒரு நாற்காலி எப்போதும் இருக்கிறது என்றார். கெஞ்சவில்லை. கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, காரமா இருக்கா அக்கா என்று கேட்டார். கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விடுதிக்கு வந்து லிம்முக்கு வேண்டாம் என்று ஒரு செய்தி எழுதினேன். அனுப்பவில்லை. முசே அந்துவான் மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கருவடிக்குப்பத்தில் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அவரைப் பொய்யர் என்று எழுதுவது எனக்கு ஆகாது. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் மனைவி ஆட்டு ரகு செய்கிறார் என்று ரிஸ்வானா சொல்லியிருந்தார். வயிறு மனசாட்சியைத் தோற்கடித்தது.

அவர்கள் மாதா கோவில் பூசை முடிந்து வந்த சற்று நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். முசேயின் மனைவி பெயர் மாரி தெரேஸ். உயரமான அம்மாள், பேச்சில் பாதி தமிழ், கால்வாசி பிரெஞ்சு, மிச்சம் சிரிப்பு. ரகு என்பது ஆட்டுக்கறியைப் பட்டை கிராம்போடு மெதுவாக வேகவைத்த குழம்பு. சோற்றுக்குப் பதில் நீளமான ரொட்டியை உடைத்து அதில் தோய்த்துச் சாப்பிடவேண்டும். கூடவே வடவம் தாளித்த மீன். பினாங்குக்காரி சாப்பாட்டு விஷயத்தில் இன்னோர் ஊரைப் புகழ்வது அபூர்வம். இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மீனில் ஒரு பச்சைமிளகாய் ஒளிந்திருந்தது. அதைக் கடித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். மேசையில் தண்ணீர்ப் புட்டி இருந்தது, ஊற்றிக் குடிக்க ஒன்றும் இல்லை. ஒரு கிளாஸ் கொடுங்களேன் என்றேன். மாரி தெரேஸ் அவசரமாக உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறைய ஐஸ்கட்டி கொண்டுவந்து வைத்தார். வெயில் காலத்து உபசாரம் போலும் என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கிளாஸ், கிளாஸ் என்று மறுபடி கேட்டேன். அவர் புருஷனைப் பார்த்தார். மறுபடி உள்ளே போனார். இன்னொரு கிண்ணம் ஐஸ்கட்டி வந்தது.

"மேதாமுக்குப் பல்லு கூசாதா?" என்றார் முசே, உண்மையான கவலையோடு.

வாயில் ஐஸோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிண்ணத்தைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். கிளாஸ் என்றார்கள் இரண்டு பேரும். அப்படியானால் தண்ணீர் குடிப்பது எதில் என்றேன். வெர் என்றார் மாரி தெரேஸ், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. அவர்கள் வீட்டில் பிரெஞ்சில் பழகிய வார்த்தைகள். ஐஸ்கட்டி கிளாஸ், கண்ணாடி டம்ளர் வெர்.

காரம், தண்ணீர் எல்லாம் மறந்துபோனது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"முசே, எங்க நர்ஸுங்ககிட்ட ரத்தத்த எதுல வைக்கச் சொன்னீங்க?"

"கிளாஸ்லதான் மேதாம். எடுத்த ஒடனே கிளாஸ்ல வச்சிடுங்க, கிளாஸ் இல்லாம வெளிய வைக்காதீங்கன்னு மூணு தடவ சொன்னேனே."

தேவிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன். முசே கிளாஸில் வைக்கச் சொன்னாரா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எதில் வைத்தீர்கள் என்றேன். அவள் குரலில் பெருமையே இருந்தது.

"கிளாஸ்லதான்க்கா. அவரு அவ்வளவு அழுத்திச் சொன்னாரேன்னு கடைக்குப் போயி புதுக் கண்ணாடி கிளாஸா வாங்கிட்டு வந்தோம். பிளாஸ்டிக் தட்டுல வச்சா கெட்டுடும் போலன்னு நெனச்சோம்லா. ஒவ்வொரு டியூபையும் கிளாஸ்ல நிக்க வச்சு, சாயங்காலம் வண்டி வர்ற வரைக்கும் பத்திரமா பாத்துக்கிட்டோம்."

மாரி தெரேஸ் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. இத்தனை நாள் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. முசே மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, சின்ன வயசுலேருந்து எங்க வீட்ல அதுக்குப் பேரு அதுதான் மேதாம் என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தேன். சாவடி என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளைச்சாவடிக்குப் போன கதையை அவரிடம் சொன்னேன். அப்போதுதான் லேசாகச் சிரித்தார்.

ரிஸ்வானாவிடம் போனில் சொன்னேன்.  முசே வந்த புதிதில் அவர் கிளாஸ் கேட்டபோது அவருக்கும் டம்ளர்தான் எடுத்துக் கொடுத்தார்களாம். அதன் பிறகு ஆய்வகம் மொத்தமும் ஐஸைக் கிளாஸ் என்றே சொல்லத் தொடங்கிவிட்டது.

"பயிற்சி நடந்தப்ப நானும் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன்க்கா. அவரு சொன்னது எனக்கு ஐஸுன்னே கேட்டுச்சு" என்றார்.

லிம் கதையை முழுதாகக் கேட்டார். சிரித்தார். பிறகு, கதை நன்றாக இருக்கிறது, ரத்தம் என்ன சொல்கிறது பார்ப்போம் என்றார். அதே ஆட்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து, பினாங்கிலேயே கிட்டைப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவர்களில் யாருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது, யாருக்கு இல்லை என்பது லிம்முக்கு மட்டும்தான் தெரியும். பேர் தெரியாமல் எண் மட்டும் போட்ட குழாய்கள். ஏமாற்ற வழியில்லை.

திங்கட்கிழமை காத்திருப்பதைத் தவிர எனக்கு வேலை எதுவும் இல்லை. நன்றாக ஊர் சுற்றினேன். முதல் நாள் என்னைத் திட்டிய அதே ஆட்டோக்காரர் கிடைத்தார். எந்தச் சாவடிக்கு என்று கிண்டலாகக் கேட்டார். காந்தி வீதிக்குப் போய் ஒரு மல்லிகைச் சரம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். மதியம் கடைகள் மூடுவதற்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, விடுதிக்கு வந்து நானும் ஊரோடு சேர்ந்து தூங்கினேன். எழுந்தபோது அந்தச் சட்டத்தின் மேல் எனக்கிருந்த கோபம் போயிருந்தது. பினாங்கில் இதைக் கொண்டுவந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நாங்கள் எல்லாரும் தட்டாஞ்சாவடியில் உட்கார்ந்திருந்தபோது லிம்மின் அழைப்பு வந்தது. பக்கத்து லேத் பட்டறைச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கெட்டிருக்கிறது என்றும், கெடாதவர்களுக்கு நன்றாக இருக்கிறது என்றும் கிட் சரியாகச் சொல்லியிருந்தது. ஒருவர் விஷயத்தில் மட்டும் சந்தேகம், அவருக்கு மருத்துவமனையிலும் இன்னும் முடிவாகச் சொல்லவில்லையாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வா என்றார் லிம். ரிஸ்வானா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். யாரோ வாசலுக்கு ஓடிப்போய் அவர் வாப்பாவுக்குப் போன் செய்தார்கள். முசே எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். அதற்கும் கிளாஸ் என்றுதான் பெயராம். இனிமேல் இந்த ஊரில் எதைக் கேட்பதற்கும் எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முதல் நாள் என் கையிலிருந்து எடுத்த ரத்தம் நினைவுக்கு வந்தது. கிட் பொய் என்று சந்தேகப்பட்டவரை அது என்ன சொல்லியிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. இப்போது கிட் உண்மை. அப்படியானால் என்னைப் பற்றி அது சொன்னதும் உண்மை. அது உண்மையாக இருக்கவேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தவள், பொய்யாகவே இருந்திருக்கக்கூடாதா என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அப்பாவின் நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஊரில் வருடா வருடம் எடுக்கச் சொல்லும் சாதாரணப் பரிசோதனையை ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறவள் நான். இங்கே தள்ளிப்போட வழியில்லை. பதில் அடுத்த அறையில் இருந்தது.

ரிஸ்வானாவை வாசலுக்குத் தனியாகக் கூப்பிட்டேன். வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்களா கேக்கட்டும்னுதான் இருந்தேன்க்கா. ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்குது" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனா இது எங்க கிட் சொல்றது. அதுக்கு இன்னும் அனுமதியே வாங்கல. ஊருக்குப் போயி சாதா டெஸ்டையும் எடுத்துடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

அந்த வாசலிலேயே சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது, நிறுத்த முடியவில்லை. பாட்டில் மூடிக் கம்பெனிக்காரர்கள் சிலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். முசே அந்துவான் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். மற்ற எல்லாருக்கும் ஐஸ்கிரீம் கொடுத்தவர், எனக்கு மட்டும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொண்டுவந்திருந்தார். மேலே ஐஸ்கட்டிகள் மிதந்தன. மேதாமுக்குச் சக்கரை ஆகாது என்று தெரியும், அதனால் வெர்ரில் கிளாஸ் போட்டுக் கொண்டுவந்தேன் என்றார். ஒரே மூச்சில் குடித்தேன்.

கிளம்பும் நாளன்று புதிய கிட் பெட்டியின் மாதிரியை ரிஸ்வானா காட்டினார். ரத்தத்தை எதில் வைக்கவேண்டும் என்பதைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதி, பக்கத்தில் ஐஸ்கட்டிகளைப் படமாகவும் வரைந்திருந்தார்கள். படத்துக்குக் கீழே கிளாஸ் என்று சின்னதாக ஒரு வார்த்தை இருக்கட்டுமா என்று முசே கேட்டாராம். கூடவே கூடாது என்று மொத்த ஆய்வகமும் ஒரே குரலில் சொல்லிவிட்டதாம்.

பினாங்குக்குத் திரும்பிய வாரத்திலேயே தோட்டத்துக் கிளினிக்குக்குப் போனேன். தேவி புதிதாக ஓர் ஐஸ் வாளி வாங்கி வைத்திருந்தாள். அதன் மேல் கொட்டை எழுத்தில் கிளாஸ் என்று எழுதி ஒட்டியிருந்தாள். வேலையைப் பார்க்க வந்தீங்களா அக்கா என்று கேட்டாள். அதற்கில்லை, சாதா டெஸ்டுக்கு வந்திருக்கிறேன் என்று சட்டைக்கையைச் சுருட்டினேன். அவள் உடனே ஊசியை எடுத்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. குழாயில் ரத்தம் ஏறுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.